ப்ளாயே, 1999: கரைச்சுவரைத் தாண்டிய தண்ணீரும் வல்லுநர்களுக்கு அது சொல்லித் தருவதும்

1999 டிசம்பர் 27, திங்கட்கிழமை இரவு ஏழரை மணி. பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு வடக்கே ஜிரோண்ட் கழிமுகத்தை ஒட்டியிருக்கிறது ப்ளாயே அணுமின் நிலையம். அதன் கரைச்சுவரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) உச்சத்தைத் தொட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. முந்தின நாள்தான் லோத்தார் என்ற புயல் வடக்கு பிரான்சைப் புரட்டிப் போட்டிருந்தது. அடுத்து வந்த மார்ட்டின் புயல் இன்னும் தெற்கே அடித்தது. கழிமுகத்தின் தண்ணீரைக் காற்று நிலையத்தின் பக்கம் தள்ள, ஏறிக்கொண்டிருந்த ஓதமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அன்று எந்த உலையும் உருகவில்லை. அதனாலேயே ப்ளாயேவின் பெயர் இந்தத் துறைக்கு வெளியே அதிகம் தெரியாது. ஆனால் இயற்கைச் சீற்றங்களிலிருந்து அணுமின் நிலையத்தைக் காக்க ஆட்களைப் பயிற்றுவிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. 2011-ல் சுனாமியில் சிக்கி உலைகள் உருகிய ஜப்பானின் ஃபுகுஷிமாவை எடுத்தால் பேரழிவின் அளவே மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். பேச்சு உடனே யார் குற்றவாளி என்பதற்குப் போய்விடும். ப்ளாயேவில் அந்தச் சத்தம் இல்லை. எந்தக் கணக்கு எங்கே பிசகியது, எந்தக் கதவு விட்டுக்கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

அன்று இரவு நடந்தது

நிலையத்தில் நான்கு யூனிட்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 900 மெகாவாட். 1, 2, 4 ஆகியவை முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது யூனிட் எரிபொருள் மாற்றுவதற்காக நிறுத்தப்பட்டிருந்தது.

முதலில் போனது மின்சாரம். நான்கு யூனிட்டுகளுக்கும் வரும் 225 கிலோவோல்ட் துணை மின்வரவு நின்றது. 2, 4 யூனிட்டுகளுக்கு 400 கிலோவோல்ட் இணைப்பும் அறுந்தது. இப்படி நேரும்போது உலை தன் தேவைக்கான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொண்டு ஓட ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடு இரண்டிலுமே கைகொடுக்கவில்லை. இரண்டு உலைகளும் தானாக நின்றன, டீசல் ஜெனரேட்டர்கள் கிளம்பின. இரவு பத்தே கால் மணிக்கு மேல் 400 கிலோவோல்ட் இணைப்பு திரும்பி வரும்வரை அந்த டீசல்கள்தான் தாங்கின.

உலை நின்றுவிட்டால் ஆபத்து முடிந்தது என்று துறைக்குப் புதிதாக வருபவர்கள் நினைப்பதுண்டு. நிறுத்திய அடுத்த நொடியிலும் முழு வெப்பத்தில் ஆறு ஏழு சதவீதம் மிச்சமிருக்கும். ஒரு நாள் கழித்தும் சுமார் அரை சதவீதம் இருக்கும். 900 மெகாவாட் மின்சாரம் தரும் உலையின் வெப்பத்திறன் கிட்டத்தட்ட 2,800 மெகாவாட். அதில் அரை சதவீதம் என்றால் 14 மெகாவாட். அந்த வெப்பத்தை இரவு பகலாக எடுத்து வெளியே தள்ளப் பம்புகளும் மின்சாரமும் தண்ணீரும் வேண்டும். இயற்கைச் சீற்றம் கை வைப்பது இந்த மூன்றிலும்தான்.

இதற்கிடையில் கரைச்சுவரைத் தாண்டிய தண்ணீர் நிலத்தடி வழிகளில் இறங்கியது. கேபிளும் குழாயும் சுவரைக் கடந்துபோகும் துளைகள் சரியாக அடைக்கப்படாமல் இருந்தன. தீயைத் தடுப்பதற்கென்று போட்ட கதவுகள் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. முதல் யூனிட்டின் பம்ப் அறையில், பாதுகாப்புக்கு இன்றியமையாத குளிர்நீர்ப் பம்புகளின் இரண்டு ஜோடிகளில் ஒன்று வெள்ளத்தில் செயலிழந்தது. மற்ற ஜோடி தப்பியது. அதுவும் போயிருந்தால் நிலையத்தின் பாதுகாப்பே கேள்விக்குறியாகியிருக்கும். 1, 2 யூனிட்டுகளில் அவசரக் குளிர்விப்புக்கான குறையழுத்தப் பம்புகளும், உலைக் கட்டடத்துக்குள் நீர் தெளித்து அழுத்தத்தைக் குறைக்கும் பம்புகளும் தண்ணீரில் மூழ்கின. அடுத்த சில நாட்களில் அந்தக் கட்டடங்களிலிருந்து இறைத்து வெளியேற்றிய தண்ணீர் சுமார் 90,000 கன மீட்டர்.

சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்தன, தாழ்வான பகுதிகளில் வெள்ளம் நின்றது. ஷிப்ட் மாற்ற வேண்டியவர்களும் கூடுதல் உதவிக்கு வர வேண்டியவர்களும் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் தொடர்ந்து வேலை பார்த்தார்கள். அதிகாலை மூன்று மணிக்கு அவசரக் குழுக்கள் அழைக்கப்பட்டன. உள் அவசரத் திட்டம் மேல்நிலைக்கு உயர்த்தப்பட்டபோது காலை ஒன்பது மணி. அதாவது தண்ணீர் ஏறத் தொடங்கிப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குப் பிறகு. அணு நிகழ்வுகளுக்கான சர்வதேச அளவுகோலில் இது இரண்டாம் நிலை நிகழ்வாகப் பதிவானது.

தெரிந்திருந்தும்

நிலையம் 1970களில் வடிவமைக்கப்பட்டபோது அதன் தளம் பிரான்சின் நில உயர அளவீட்டின்படி 4.5 மீட்டரில் அமைந்தது. கழிமுகத்தைப் பார்த்த கரைச்சுவரின் உயரம் 5.2 மீட்டர், பக்கவாட்டுச் சுவர்களின் உயரம் 4.75 மீட்டர். அன்று இரவு தண்ணீர் 5.0 முதல் 5.3 மீட்டர் வரை போனது. பக்கவாட்டுச் சுவர் அதற்குமுன் எப்படி நிற்கும்?

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. 1998 ஆம் ஆண்டின் பாதுகாப்பு மறுஆய்வே சுவரை 5.7 மீட்டருக்கு உயர்த்த வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2000-ல் செய்வதாக இருந்த வேலை 2002-க்குத் தள்ளிப் போடப்பட்டது. ஏன் இந்தத் தாமதம் என்று விளக்கம் கேட்டு வட்டார அரசு அலுவலகம் நிலையத்தை நடத்தும் இ.டி.எஃப் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பிய தேதி 1999 நவம்பர் 29. வெள்ளம் வந்தது அதற்கு நான்கு வாரம் கழித்து.

ஆக, ப்ளாயேவில் அறிவு இல்லாமல் இல்லை. கடல்நீரியல் தெரிந்தவர் கணக்குப் போட்டார், கட்டுமானப் பொறியாளர் உயரத்தைச் சொன்னார், அதிகாரி கடிதம் எழுதினார். ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்தார்கள். ஆனால் சுவர் உயரும்வரை அடுத்த இரண்டு குளிர்காலங்களை எப்படிச் சமாளிப்பது, அதுவரை எந்தத் துளையை அடைப்பது, எந்த வானிலை எச்சரிக்கை வந்தால் எந்தப் பம்பைப் பார்ப்பது என்ற கேள்விகள் யாருடைய மேசைக்கும் சொந்தமாக இல்லை. பயிற்சியின் முதல் நோக்கம் இந்தக் கேள்விகளைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும் ஆட்களை உருவாக்குவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிலநடுக்கவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் கிடைக்கிறார்கள், உலைப் பொறியியலில் முப்பது வருடம் பழுத்தவர்களும் கிடைக்கிறார்கள். இந்த இரண்டு பக்கமும் போய்வரத் தெரிந்தவர்கள்தான் மிகக் குறைவு.

கணக்கு பிசகிய இடம்

அப்போது பிரான்சில் நடைமுறையில் இருந்த 1984 ஆம் ஆண்டு விதி, கடற்கரை நிலையங்களுக்கு மிகப் பெரிய ஓதத்தையும் ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயல் எழுச்சியையும் (புயலால் கடல்மட்டம் உயர்வது) கூட்டிப் பார்க்கச் சொன்னது. கேட்டால் போதுமான எச்சரிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் ப்ளாயே திறந்த கடலில் இல்லை, கழிமுகத்தில் இருக்கிறது. அகன்ற கழிமுகத்தின் மேல் காற்று வீசும்போது உள்ளேயே அலைகள் எழும். நீர்மட்டம் சுவருக்குக் கீழே இருந்தாலும் அந்த அலைகள் சுவரைத் தாண்டும், சுவரின் முகப்பில் அடுக்கிய பாறைகளையும் பெயர்க்கும். அன்று இரண்டும் நடந்தன. வடிவமைப்புக் கணக்கில் இந்த உள்ளூர்க் காற்றலைக்கு இடம் இருக்கவில்லை.

பயிற்சியில் இந்த இடத்தை அவசரமாகக் கடக்கக் கூடாது. சந்திர நாட்காட்டியை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். 1999 டிசம்பரில் பௌர்ணமி 22 ஆம் தேதி. மார்ட்டின் வந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து, ஓதம் நடுத்தரமாகத் தணிந்திருந்த நேரத்தில். அதே புயல் நான்கு நாள் முன்னதாக வந்திருந்தால் ஓதத்தின் மட்டமே இன்னும் உயரமாக இருந்திருக்கும். ஆகவே நடந்ததை "மிக மோசமான நிலை" என்று எடுத்துக்கொண்டு அதற்குமேல் ஒரு சாண் சேர்த்துச் சுவர் கட்டினால் போதாது. நடந்திருக்கக்கூடியதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு நிகழ்வை இந்தக் கண்ணோட்டத்தோடு படிக்கும் பழக்கம் பயிற்சியில் வராவிட்டால் வேறெங்கும் வராது.

பின்னர் பிரான்சில் எல்லா நிலையங்களின் வெள்ள அபாயமும் மறுபடி ஆராயப்பட்டது. 2013-ல் வந்த புதிய வழிகாட்டி, மழை, நிலத்தடி நீர், அணை உடைப்பு, வளாகத்துக்குள்ளேயே தொட்டியோ குழாயோ உடைவது, காற்றலை என்று 11 வகை வெள்ளச் சூழல்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறது. ஓர் இரவின் வெள்ளம் விதியாக மாறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. இந்தக் கால இடைவெளியைப் பயிற்சி பெறுபவர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். விதிப்புத்தகம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும். அந்த இடைவெளியில் நிலையத்தைக் காப்பது வல்லுநரின் தீர்ப்பு.

எண்களைக் கையாளுதல்

"பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை" என்ற சொற்றொடர் செய்த சேதம் கொஞ்சநஞ்சமல்ல. கேட்பவர் மனதில் அது "நம் காலத்தில் வராது" என்று பதிந்துவிடுகிறது. அதை வேறு விதமாகக் கணக்கிட்டுக் காட்டலாம். ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உள்ள ஒரு சீற்றம், 60 ஆண்டு ஓடும் ஒரு நிலையத்தின் ஆயுளில் வர சுமார் 0.6 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரம் ஆண்டு வெள்ளம் என்றால் அது சுமார் 6 சதவீதம். இப்போது ஒரு வளாகத்தை விட்டுவிட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நூறு வளாகங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ஆண்டுச் சீற்றம் 60 ஆண்டுகளில் அவற்றில் ஏதாவது ஒன்றிலாவது வர வாய்ப்பு சுமார் 45 சதவீதம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது வகுப்பு அமைதியாகிவிடும். கணிதம் ஒன்றும் கடினமில்லை, பள்ளிக்கூடக் கணிதம்தான்.

அடுத்த சிக்கல், அந்தப் பத்தாயிரம் ஆண்டு எண் எங்கிருந்து வருகிறது என்பது. கருவி வைத்து அளந்த கடல்மட்டத் தரவு நல்ல இடங்களில்கூட நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்குமேல் இருப்பது அபூர்வம். நிலநடுக்கத்துக்கும் அதே நிலைமை. மிச்சத்தை மண்ணடுக்கிலும் பழைய ஆவணத்திலும் தேட வேண்டும், அப்புறம் மாதிரிகளை வைத்து நீட்டிப் பார்க்க வேண்டும். பத்து வல்லுநர்கள் பத்து விதமாக நீட்டுவார்கள்.

அந்தக் கருத்து வேறுபாட்டை எப்படிக் கையாள்வது என்பதற்கு அமெரிக்காவில் 1997-ல் ஒரு முறை எழுதி வைக்கப்பட்டது. ராபர்ட் பட்னிட்ஸ் தலைமையிலான மூத்த நிலநடுக்க அபாய ஆய்வுக் குழு அதைத் தயாரித்தது. அதன் சாரம், வல்லுநர்களுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுப்பது. ஒருவர் தன் கோட்பாட்டுக்காக வாதாடலாம். இன்னொருவர் எல்லாத் தரப்பையும் எடைபோட்டு, அறிவுடைய ஆய்வாளர்கள் நியாயமாக ஏற்கக்கூடிய முடிவுகள் எந்த எல்லைக்குள் பரவியிருக்கின்றன என்று வரைந்து தர வேண்டும். தனியே ஒரு குழு ஆரம்பத்திலிருந்தே உடன் இருந்து, நடப்பது முறைப்படி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். எடைபோட உட்கார்ந்தவர் தன் சொந்தக் கோட்பாட்டுக்கு வக்கீலாகிவிடக் கூடாது. வாசிக்க எளிது, நடத்திப் பார்த்தால் கடினம். இருபது வருடம் ஒரே பிளவுக்கோட்டை ஆராய்ந்த மனிதரிடம் "இன்று நீங்கள் நடுவர்" என்றால் அவர் தவித்துப் போவார். அந்தத் தவிப்பை உண்மையான ஆய்வுக்கு முன்பே, பயிற்சி அறையில் ஒருமுறை பட்டுவிடுவது நல்லது.

கால்நடையாகப் பார்த்தல்

இந்தத் துறையில் மிகவும் குறைத்து மதிக்கப்படும் திறமை இது: வளாகத்தை நடந்து சுற்றி வருவது, எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்ப்பது. ப்ளாயே பாடத்தில் நான் நிலத்தடி வழியின் குறுக்குவெட்டு வரைபடத்தை விரித்து வைத்து, 5.3 மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்வேன். பிறகு ஒரே கேள்வி: இந்தக் கோட்டுக்குக் கீழே முதலில் நனைவது எது? பலரும் பம்பைக் காட்டுவார்கள். பம்ப் நனையும்முன் அதன் மின்பலகை நனையும், அதற்கும் முன் கேபிள் புகும் துளையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த அடைப்பு தீக்காகப் போட்டதா தண்ணீருக்காகப் போட்டதா, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, வடிகால் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா, அந்த வால்வைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? இந்தக் கேள்விகளுக்குப் பட்டப்படிப்புப் பாடத்தில் இடமில்லை.

நிலநடுக்கம் என்றால் கண் வேறு இடங்களுக்குப் போக வேண்டும். பேட்டரி அடுக்கின் பிடிமானம், மின்பலகைக்குப் பக்கத்தில் நிற்கும் செங்கல் சுவர், தலைக்குமேல் சங்கிலியில் தொங்கும் கனமான கொக்கி, பாதுகாப்புக் கருவியின்மேல் விழக்கூடிய சாதாரண விளக்கு. முக்கியக் கருவி தானே தாங்கும். பக்கத்தில் இருக்கும் முக்கியமில்லாத பொருள் அதன்மேல் விழுந்து கெடுத்துவிடும்.

பயிற்சி பெற்ற கண் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மிசூரி ஆற்றங்கரையில் இருந்த ஃபோர்ட் கால்ஹூன் நிலையம் நல்ல சான்று. அங்கே வெள்ளத்தைத் தடுக்க எழுதி வைத்திருந்த திட்டம், கட்டடங்களின் வெள்ளத் தடுப்புப் பலகைகளுக்கு மேல் மணல் மூட்டைகளை அடுக்குவது. காகிதத்தில் எல்லாம் சரி. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்கள் நேரில் பார்த்தபோது அந்தப் பலகையின் மேல் விளிம்பு ஏறக்குறைய அரை அங்குல அகலம்தான் இருந்தது. அதன்மேல் ஐந்தடி உயரத்துக்கு மூட்டைகள் எப்படி நிற்கும்? 2010-ல் அது கடுமையான குறைபாடாகப் பதிவாகி, நிலையம் திருத்தங்களில் இறங்கியது. 2011 கோடையில் மிசூரி பெருக்கெடுத்து நிலையத்தின் தரைமட்டத்துக்கு மேல் ஏறி, வாரக்கணக்கில் நின்றது. வளாகத்தைச் சுற்றிப் போட்டிருந்த நீர் நிரப்பிய ரப்பர் தடுப்பு ஜூன் 26 அன்று கிழிந்து சரிந்தது. அப்படியும் முக்கியக் கட்டடங்களுக்குள் பாதுகாப்பைக் கெடுக்கும் வெள்ளம் புகவில்லை. ப்ளாயேவையும் ஃபோர்ட் கால்ஹூனையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டிலும் குறை முன்கூட்டியே தெரிந்தது. இரண்டாவதில் வெள்ளத்துக்கு முன்பே வேலை தொடங்கியது.

ஒரு பாடம் இன்னொரு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை

2007 ஜூலை 16 அன்று ஜப்பானின் நீகாட்டா கரையோரம் நிலநடுக்கம். ஏழு உலைகள் கொண்ட காஷிவாசாகி-கரீவா நிலையத்தில் முதல் யூனிட்டின் அடித்தளத்தில் பதிவான நில முடுக்கம் 680 கால் (Gal என்ற அலகு). வடிவமைப்பில் எதிர்பார்த்தது 273. ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. பாதுகாப்புக் கருவிகளில் பெரிய சேதம் இல்லை. வடிவமைப்பில் எவ்வளவு இருப்பு மறைந்திருக்கிறது என்பதற்கு இது நிலநடுக்கப் பொறியாளர்களுக்கு ஒரு பொக்கிஷம்.

ஆனால் பயிற்சியாளராக நான் நிறுத்திச் சொல்வது வேறொன்றை. மூன்றாம் யூனிட்டின் ட்ரான்ஸ்பார்மர் ஒன்று தீப்பிடித்தது. தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்கள் மண்ணுக்குள் உடைந்திருந்தன. தீயணைப்புத் துறையோடு பேசும் நேரடித் தொலைபேசி அவசர அறைக்குள் இருந்தது. அதிர்வில் கதவுநிலை கோணிப்போய் அந்த அறையின் கதவு திறக்கவில்லை. தீயை அணைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. உலைக்குப் போட்ட கவனத்தில் நூறில் ஒரு பங்கு அந்தக் கதவுக்குக் கிடைத்திருந்தால் போதும்.

அந்தக் கதவிலிருந்து உண்மையாகவே ஒரு பாடம் பிறந்தது. அதிர்வை உள்வாங்கும் அடித்தளத்தின்மேல் அவசரக் கட்டுப்பாட்டுக் கட்டடம் ஒன்று வேண்டும் என்று முடிவாகி, காஷிவாசாகியை நடத்தும் அதே டெப்கோ நிறுவனத்தின் ஃபுகுஷிமா தாயிச்சி நிலையத்திலும் கட்டப்பட்டது. 2010 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. எட்டு மாதத்தில், 2011 மார்ச் 11 அன்று, சுனாமி வந்தது. அந்தக் கட்டடம் இல்லையென்றால் விபத்தைக் கையாண்டவர்கள் நிற்க ஓர் இடம் இருந்திருக்காது. இயற்கைச் சீற்றங்களைப் பற்றிய அனுபவம் நாடு விட்டு நாடு போக வேண்டும் என்பதற்காக சர்வதேச அணுசக்தி முகமை 2008-ல் நிலநடுக்கப் பாதுகாப்பு மையம் ஒன்றைத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

அதற்கும் முன்னால், 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் இன்னொரு பாடத்தைத் தந்தது. கடலடியில் நீரெடுக்கும் சுரங்கம் வழியாகவே தண்ணீர் பம்ப் அறைக்குள் எழும்பியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் யூனிட்டை ஊழியர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த அதிவேக ஈனுலையின் அடித்தளக் குழி நிரம்பிவிட்டது. கரையில் எவ்வளவு உயரச் சுவர் வைத்தாலும், குளிர்விக்கக் கடலைத் திறந்து வைத்திருக்கும் வாசல் ஒன்று இருக்கத்தான் செய்யும் என்பதை அது காட்டியது. எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் கடைசியில், வெளி வெள்ள அபாயம் குறித்த சர்வதேசப் பயிலரங்கு கல்பாக்கத்திலேயே நடந்தது. நிகழ்வு நடந்த இடத்துக்கே வல்லுநர்களை வரவழைத்து, கட்டடத்தைக் காட்டிப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி முறை. வரைபடத்தில் வாராத விஷயம் படிக்கட்டில் இறங்கும்போது வரும்.

2008 முதல் 2011 வரை

ஃபுகுஷிமாவிலும் ப்ளாயேவின் நிழல் தெரிகிறது. ஜப்பான் அரசின் நிலநடுக்க ஆய்வு அமைப்பு 2002-ல் வெளியிட்ட நீண்டகால மதிப்பீட்டை வைத்து, டெப்கோ 2008-ல் ஒரு சோதனைக் கணக்குப் போட்டது. தாயிச்சி வளாகத்தில் 15.7 மீட்டர் வரை சுனாமி ஏறலாம் என்று அது காட்டியது. முதல் நான்கு யூனிட்டுகளின் தளம் 10 மீட்டர். நிறுவனம் அந்தக் கணக்கை மேலும் ஆராய ஜப்பான் கட்டுமானப் பொறியாளர் சங்கத்திடம் கேட்டது. கண்காணிப்பு அமைப்புக்கு அந்த எண் 2011 மார்ச் 7-ல் போனது. நான்கு நாள் கழித்து 14 மீட்டருக்கு மேற்பட்ட சுனாமி வந்தது. தண்ணீரால் குளிரூட்டப்படும் டீசல்கள் வீழ்ந்தன. ஆறாம் யூனிட்டில் காற்றால் குளிரூட்டப்பட்ட ஒரே ஒரு டீசல் தப்பி, ஐந்தாம் ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது.

மேலும் ஆராயச் சொன்னது அறிவியல்ரீதியாகத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி நடக்கும் காலத்தில் இடைக்காலப் பாதுகாப்பு எதுவும் போடாததுதான் தவறு. மின்பலகை அறைகளுக்கு நீர்புகாக் கதவுகள், மேட்டில் ஒரு நடமாடும் ஜெனரேட்டர், உயரத்தில் பேட்டரிகள். கரைச்சுவரோடு ஒப்பிட்டால் இவை சிறிய செலவு. கருதுகோள் நிரூபணமாகும்முன் எதைச் செய்துவைப்பது என்ற தீர்ப்பைப் பயிற்சியில் பழக்க முடியும். அதற்கு 2008 ஆம் ஆண்டின் தரவை மட்டும் கொடுத்து, முடிவைச் சொல்லாமல், நாளைக்குள் ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொன்னால் போதும்.

கட்டுப்பாட்டு அறையிலும் ஒரு பயிற்சி இடைவெளி இருந்தது. முதல் யூனிட்டில் மின்சாரம் இல்லாமலே வேலை செய்யக்கூடிய ஒரு குளிர்விப்புக் கருவி உண்டு. அன்று பணியில் இருந்தவர்களில் யாரும் அதை நிஜமாக இயக்கிப் பார்த்ததில்லை. மின்சாரம் போனபோது அதன் வால்வுகள் மூடிக்கொண்டன. அது ஓடுகிறதா இல்லையா என்று புரிந்துகொள்ளவே பொன்னான மணி நேரங்கள் கரைந்தன. இருட்டில், அளவுகோல் எதுவும் காட்டாத நிலையில், அந்த மனிதர்கள் காட்டிய துணிவை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. அந்தக் கருவியோடு ஒருநாள் பழகும் வாய்ப்பைத்தான் யாரும் தரவில்லை.

ஒத்திகை, உதவி, ஆட்கள்

ஒத்திகைகளில் நான் வற்புறுத்துவது ஒன்றே ஒன்று. சாலை இல்லை, தொலைபேசி இல்லை, அடுத்த ஷிப்ட் வரவில்லை, நான்கு யூனிட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் பிரச்சினை என்று வைத்துத்தான் தொடங்க வேண்டும். ஒரு யூனிட்டில் ஒரு குழாய் உடைந்தது என்ற பழைய ஒத்திகை இயற்கைச் சீற்றத்துக்கு உதவாது. ஃபுகுஷிமாவுக்குப் பிறகு பிரான்சில் அமைத்த அணு விரைவுப் படை இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். நான்கு வட்டாரத் தளங்கள், தங்கள் சொந்த நிலையங்களில் பாதி நேரம் சாதாரண வேலை பார்க்கும் ஆட்கள், துண்டிக்கப்பட்ட நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் மின்சாரமும் தண்ணீரும் கொண்டு சேர்க்கும் பொறுப்பு. பாதி நேரம் உலையோடு வேலை பார்ப்பவர்கள் என்பது முக்கியம். அறிமுகமில்லாத இடத்தில் எந்த வால்வு எங்கே என்று அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெள்ளமும் நிலநடுக்கமும் மட்டும்தான் பாடம் என்று நினைத்துவிடக் கூடாது. 2009 டிசம்பரில் பிரான்சின் க்ரூவாஸ் நிலையத்தில் ரோன் ஆறு அடித்து வந்த நீர்த்தாவரங்கள் நீரெடுக்கும் வாயை அடைத்து, நான்காம் யூனிட்டின் குளிர்நீரை நிறுத்திவிட்டன. 2011-ல் ஸ்காட்லாந்தின் டார்னெஸ் நிலையம் ஜெல்லிமீன் கூட்டத்தால் நிறுத்தப்பட்டது. உயிரியலாளர் ஒருவரும் வகுப்பில் இருக்க வேண்டும்.

புதிதாக அணுமின்சாரத்துக்கு வரும் நாடுகளுக்கு இது இன்னும் அவசரம். உலையை விற்பவர் தன் வடிவமைப்பை நன்றாக அறிவார். அந்த மண்ணையும் ஆற்றையும் கடலையும் அறிய வேண்டியது அந்த நாட்டு ஆட்களின் பொறுப்பு. சர்வதேச முகமையின் குழுக்கள் அழைத்தால் வந்து, தளத்தையும் வெளிச் சீற்றங்களுக்கான வடிவமைப்பையும் ஆராய்ந்து அறிக்கை தரும். அந்த அறிக்கையை வாங்கிப் படித்து, கேள்வி கேட்டு, அடுத்த பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து செய்ய உள்ளூரில் ஆள் இல்லையென்றால் அது அலமாரிக்குப் போகும். அப்படி ஒருவரை உருவாக்க ஒரு வாரப் பயிலரங்கு போதாது. அபாய ஆய்வில் சில வருடம், நிலையத்தில் ஷிப்டோடு சில வருடம், ஒழுங்குமுறைப் பக்கம் சில வருடம் என்று சுற்றி வர வேண்டும். அவர் ஓய்வு பெறும்முன் அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியாக, அழைப்பிதழ் யாருக்குப் போகிறது என்பது. ப்ளாயேவில் சுவரை 2002-க்குத் தள்ளிப் போட்டதும், ஃபுகுஷிமாவில் எண்ணை மறு ஆய்வுக்கு அனுப்பியதும் நீரியல் வல்லுநர்களின் முடிவுகள் இல்லை. வேலைகளை வரிசைப்படுத்தி, பணம் ஒதுக்கிக் கையெழுத்துப் போடுபவர்கள் எடுத்த முடிவுகள் அவை. அவர்கள் பயிற்சியின் தொடக்க விழாவுக்கு வந்து குத்துவிளக்கு ஏற்றிவிட்டுப் போவதில் பயனில்லை. 5.3 மீட்டரில் சிவப்புக் கோடு போடும் பிற்பகலில், நீரியலாளருக்கும் ஷிப்ட் பொறுப்பாளருக்கும் நடுவில் உள்ள நாற்காலியில் அவர்களை உட்கார வைக்க வேண்டும். ஒரு பக்கக் கடிதத்தை அவர்களும் எழுத வேண்டும்.